நாற்பதா, நாற்பத்திரண்டா

போனஸ் பன்னிரண்டாயிரம்.
சீட்டுக்கு மூவாயிரம் போக
மீதியைப் பதினோரு பேருக்குப் பங்கிட்டு
லேப் ரிப்போர்ட் ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்.
தலைக்கு எண்ணூற்றுச் சொச்சம்.
முன்பக்கத்தில் யாருக்கோ
சர்க்கரை இருநூற்றுப் பத்து.

கமர்ஷியல் ஸ்ட்ரீட் போனோம் என்று சொல்லிக்கொள்வோம்,
வாங்குவதெல்லாம் அதன் முதுகுப்புறச் சந்துகளில்.
டிசம்பர் இரண்டாவது சனி, மாலை நான்கு.
தொங்கும் காகித நட்சத்திரங்களுக்குக் கீழே
கூட்டமே நடத்திக்கொண்டு போகிறது,
காலைத் தூக்கி வைத்தால் போதும்.

முதலில் நாத்தனார்கள் இருவர்.
ஒரே விலை, ஒரே கரை, ஒரே பெட்டி,
நிறம் மட்டும் வேறு.
போன வருஷம் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்தேன்.
முப்பது ரூபாய் வித்தியாசம்
பிப்ரவரி வரைக்கும் நீண்டது.
இந்த முறை கடைக்காரரையே கிழிக்கச் சொன்னேன்.
"எல்லார் மனேலயும் இதே கதெ மேடம்" என்றார்
பாதி தமிழில், பாதி கன்னடத்தில்.

மாமனாருக்கு ஸ்வெட்டர்.
"எதுக்கு இந்தச் செலவு" என்பார்.
மார்ச் வெயிலிலும் கழற்றமாட்டார்.

ஓசூரில் ஒன்பதாவது படிக்கும்
கொழுந்தன் மகன் ஜெரோமுக்கு ஷூ.
காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்படா என்றேன்.
வரைந்தான், படமெடுத்தான், அனுப்பினான்.
என் கைபேசியில் பாதம் கட்டைவிரல் அளவு.
இரண்டு விரலால் விரித்தால் யானைக்கால்.
கடைப்பையன் எட்டிப் பார்த்து
"இதுல எந்த சைஸு அக்கா வேணும்?" என்றான்.
பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து மறுபடி எடுடா.
வீட்டில் நாணயமே இல்லையாம், எல்லாம் ஜிபேயாம்.
கடைசியில் தீப்பெட்டி வைத்தான்.
நானும் எதிர்ப் பெட்டிக்கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கி
ஷூக்களின் மேல் குட்டிக்கரணம் போடவைத்து அளந்தேன்.
ஐந்து தீப்பெட்டி நீளம்.
ஏழாம் நம்பர்.

அப்புறம் ஒரு டீ, இஞ்சி அதிகம்.
பைகளைக் கணுக்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
பட்டியலைப் பார்த்தேன்.
பத்துப் பெயருக்கு நேரே ஏதோ எழுதி, அடித்து, எழுதியிருக்கிறது.
பதினொன்றுக்கு நேரே ஒன்றுமில்லை.
பெயரையே முழுதாக எழுதவில்லை.
எபி.

இரண்டு பேருந்து மாறினால் அல்சூர்.
அப்பா வீட்டுப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துக்காக
மூன்று கிறிஸ்துமஸாக
என் தம்பி வெளிநாட்டில் இருப்பவன் மாதிரி இருக்கிறான்.

நீலத்தில் சட்டை. கட்டம் போடாதது.
கட்டம் போட்டால் கேரம்போர்டு மாதிரி இருக்கு என்பான்.
அது தெரியும்.
சைஸ் தெரியவில்லை.
முன்பு நாற்பது.
கல்யாணத்துக்கு அப்புறம் தொப்பை விழுந்திருக்கலாம்,
கவலையில் இளைத்தும் இருக்கலாம்.
கவலையில் கொஞ்சம் நான் கொடுத்தது.
அவன் மனைவியைக் கேட்டால் அவனிடம் சொல்லிவிடுவாள்.
அம்மாவைக் கேட்டால்
அளவு சொல்லாமல் அழுவாள்.

"எப்படி இருப்பாரு?" என்றார் கடைக்காரர்.
"உங்க உயரம். தோள் மட்டும்..."
இரண்டு கையையும் விரித்துக் காட்டப் போனேன்.
எவ்வளவு விரிப்பது என்று தெரியாமல்
அப்படியே நின்றேன்.
பின்னாலிருந்து ஒருத்தி
"கொஞ்சம் வழி விடுங்க" என்றாள்.

நாற்பத்திரண்டு எடுத்தேன்.
பெரிசானால் மடித்து விட்டுக்கொள்ளலாம்,
சின்னதானால் என்ன செய்வது.
"பதினஞ்சு நாளைக்குள்ள மாத்திக்கலாம் மேடம்,
பில் இல்லாம மட்டும் வராதீங்க" என்று
சட்டைப் பெட்டிக்குள்ளேயே பில்லை வைத்துக் கட்டினார்.
எண்ணூற்றைத் தாண்டிவிட்டது.
பரவாயில்லை, எனக்கு என்று எழுதியிருந்த செருப்பை
அடித்துவிட்டேன்.

பேருந்து நிலையத்தில்
பைகளையெல்லாம் மடியில் அடுக்கி உட்கார்ந்த பிறகு
ரிப்பனைக் கலைக்காமல் பெட்டிக்குள் விரலைவிட்டு
பில்லை உருவி என் பர்ஸில் வைத்தேன்.

பொருந்தாவிட்டால் கேட்கட்டும்.
இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் இருக்கிறது.